அரைக் கிலோ அஞ்சலி

காலை நீட்டி வசதியாக உட்காருங்கள், கண்ணுகளா. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். சாவு ஊர்வலத்தைப் பற்றிய கதைதான், ஆனால் இதில் யாரும் சாகவில்லை. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

ஒரு நாட்டில் இறுதி மரியாதைத் துறை என்று ஒன்று இருந்தது. நாட்டின் அதிபர் இறந்துபோனால் அவரை எப்படித் தூக்குவது, எந்தத் தெரு வழியாகக் கொண்டுபோவது, யார் முதலில் அழுவது, அவர் அழுது முடித்ததும் யார் தொடங்குவது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது அதன் வேலை. துறைக்கு ஒரு பெரிய கட்டடம் இருந்தது. கட்டடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதிபர்களோ அடிக்கடி சாகிற வழக்கமில்லாதவர்கள். ஆகவே துறை சும்மா இருக்க வேண்டாமென்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

ஒத்திகைக்கு நியாயமான காரணமும் உண்டு. நாட்டின் முதல் அதிபர் திடுதிப்பென்று காலமானபோது பெட்டி குட்டையாகிவிட்டது. மனிதரின் முழங்காலை மடக்கி, ஏதோ கதை கேட்க உட்கார்ந்தவரைப் போலத்தான் அனுப்பி வைத்தார்கள். பதற்றத்தில் வாத்தியக்காரர்கள் கல்யாணப் பாட்டை வாசித்துவிட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது: அதிபர் பதவியேற்ற உடனேயே அவருடைய சவ ஊர்வலத்தை ஒருமுறை நடத்திப் பார்த்துவிட வேண்டும். சட்டத்தின் அடுத்த வரி: இது அதிபருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மனம் வருந்துவார்.

அதுவரை வந்த அதிபர்கள் எல்லோரும் ஆண்கள். அதே உயரத்தில் ஒரு சிப்பாயைப் பிடித்துப் பெட்டியில் படுக்க வைத்தால் வேலை முடிந்தது. இப்போது முதல்முறையாக ஒரு பெண் அதிபராகிவிட்டார். அவரோ குள்ளம், கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. பட்டாளத்தில் அந்த அளவில் ஆளே இல்லை. துறை கவலையில் ஆழ்ந்தது.

அந்த அம்மாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர் போனது தெருக் குழாய்க்கு. தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். குடங்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கும். குடத்துக்குச் சொந்தக்காரர்கள் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்தப் பெண் ஒருநாள் குழாயை மூடிவிட்டு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. "நீங்க சண்டைய முடிச்சிட்டுச் சொல்லுங்க, இறங்குறேன்." அன்று முதல் அந்த வரிசைக்கு அது சொன்னதுதான் சட்டம். அடுத்த தெருவில் சண்டை என்றால் அங்கிருந்தும் ஆள் வந்து கூட்டிப்போகும். இப்படிக் குழாய் குழாயாகப் போய் வார்டு உறுப்பினர் ஆனார், நகரசபைத் தலைவி ஆனார், நீர்வளத் துறை அமைச்சர் ஆனார். கட்சித் தலைவர் ஓய்வெடுக்கப் போனபோது மூத்த அமைச்சரும் நிதி அமைச்சரும் அந்த நாற்காலிக்காக அடித்துக்கொண்டார்கள். ரொம்ப நாள் அடித்துக்கொண்டு களைத்துப்போய், "நம்ம சண்டை முடியற வரைக்கும் அந்தம்மா உக்காந்திருக்கட்டும்" என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தம்மா உட்கார்ந்தார். சண்டை முடிந்ததும் சொல்லச் சொன்னார். அது இன்னும் முடியவில்லை. ஜனங்கள் அவரைக் குழாயடியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இப்போது சந்தைக்கு வாருங்கள்.

சந்தை முனையில் ஒரு காய்க்காரி கடை போட்டிருந்தாள். கடை என்றால் நான்கு கம்பு, மேலே தார்ப்பாய், கீழே சாக்கு. அவளுடைய அம்மா உட்கார்ந்து விற்ற இடம். முனைக்கடையை லேசாக நினைக்காதீர்கள். இரண்டு தெருவிலிருந்து வருகிறவர்களுக்கும் முதலில் தெரிவது அவள் கத்தரிக்காய்தான். மற்றவர்கள் தொண்டை கிழியக் கூவ வேண்டும். அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அந்த இடத்தை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்கு சைக்கிள் ரிப்பேர்க் கடை. சைக்கிளே குறைந்துபோன ஊரில் அது கடையா பொழுதுபோக்கா என்று சொல்வது கஷ்டம்.

ஒருநாள் கோட்டுப் போட்ட இருவர் அவள் முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் அளவு நாடா. காய் எதையும் தொடவில்லை. அவளையே மேலும் கீழும் பார்த்தார்கள்.

"உங்க எடை என்னம்மா?"

"எதுக்கு சார்? நான் விக்கிறதுக்கில்ல."

பக்கத்தில் கீரைக்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் சந்தையிலேயே பேர்போனது. "என்ன விலைக்குக் கேக்குறாங்கன்னு பாருக்கா. நல்ல விலைன்னா தள்ளிவிடு. உங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

காய்க்காரியை மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். முள் நின்ற இடத்தைப் பார்த்துக் கோட்டுக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியே அதிபரம்மாவே சார்" என்றார்.

வேலையை விளக்கினார்கள். பெட்டியில் படுத்திருக்க வேண்டும். கண்ணைத் திறக்கக் கூடாது, தும்மக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது. சம்பளம் உண்டு. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் புருஷன் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"சும்மா படுத்திருக்கறதுக்கு சம்பளமா? இத்தன வருஷமா நான் இலவசமா பண்ணிட்டிருந்திருக்கேன் பாரு."

இப்படியாக அவள் அரசாங்க ஊழியர் ஆனாள். பதவியின் பெயர்: மாண்புமிகு மறைந்தவர் (தற்காலிகம்).

வேலை கஷ்டமில்லை. உடம்புதான் கஷ்டம். அதிபரின் எடை ஏறினால் இவள் எடையும் ஏற வேண்டும். இறங்கினால் இறங்க வேண்டும். அதிபர் வெளிநாட்டு விருந்துக்குப் போய் வந்தால் துறையின் ஜீப் சந்தைக்கு வந்து நிற்கும். "மேடம் ரெண்டு கிலோ கூடிட்டாங்க. சீக்கிரம் சாப்பிடுங்கம்மா." அதிபருக்கு டாக்டர் சர்க்கரை வேண்டாமென்று சொன்ன அன்று இவள் டீயிலிருந்து சர்க்கரை போய்விட்டது. "நாட்டுக்காக நான் கசப்பு டீ குடிக்கிறேன்" என்று அவள் சொன்னதைக் கீரைக்காரி நம்பவில்லை. வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

முதல் ஒத்திகையில் அமைச்சர்கள் எல்லோரும் கறுப்பு உடையில் வந்தார்கள். பீரங்கி வண்டியின் மேல் பெட்டி, பெட்டிக்குள் காய்க்காரி, வண்டியின் முன்னால் அதிபரின் பெரிய படம். மைதானத்தில் இறக்கி வைத்து இரங்கல் உரைகளை வாசித்தார்கள். கண்ணை மூடிப் படுத்திருக்கிறவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் அல்லவா? எல்லாவற்றையும் கேட்டாள்.

மூத்த அமைச்சர் சொன்னார்: "அவர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கூரை வீட்டில் வளர்ந்தார். அவரை நான்தான் கண்டுபிடித்தேன். நாம் இன்று தாயை இழந்து நிற்கிறோம். தாயை இழந்த குடும்பத்துக்கு உடனடித் தேவை என்ன? ஒரு தகப்பன். இந்த வயதிலும் என் உடல்நிலை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் இந்தத் துயரமான நேரத்தில் சொல்லிக்கொள்கிறேன்."

நிதி அமைச்சர் சொன்னார்: "அம்மையார் என்னை முழுமையாக நம்பினார். கஜானாவில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை. ஒரு தலைவருக்கு இதைவிடப் பெருந்தன்மை வேண்டுமா? இனி வருகிறவரும் அதே வழியில் நடக்க வேண்டும் என்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை."

இரண்டு பேருக்கும் உரை ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம் என்று இன்னொரு ஒத்திகை கேட்டார்கள். அதற்குப் பிறகு மற்ற அமைச்சர்களும் தங்களுக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார்கள். ஒத்திகை மாதாமாதம் என்று ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அதிபரின் இளமை வறுமை கூடிக்கொண்டே போனது. கூரை வீட்டில் முதலில் கூரை போயிற்று, பிறகு சுவர் போயிற்று, கடைசியில் அவர் ஒரு மரத்தடியில், அதுவும் இலை உதிர்ந்த மரத்தடியில் வளர்ந்ததாக ஆயிற்று. அமைச்சரவைக் கூட்டத்துக்கு வராதவர்கள்கூட ஒத்திகைக்கு முன்கூட்டியே வந்துவிடுவார்கள். ஒற்றுமையாக, சந்தோஷமாக, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அவர்கள் நின்ற ஒரே இடம் அதுதான்.

படுத்திருந்தவளுக்கும் பழகிவிட்டது. நல்ல தூக்கம் வரும். சந்தை இரைச்சலில் உட்கார்ந்தவளுக்கு மெத்தை வைத்த பெட்டி லேசான விஷயமா? சங்கடம் ஒன்றே ஒன்றுதான். குறட்டை விட்டதற்காக ஒருமுறை எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள்.

அப்புறம்தான், செல்லங்களே, விவகாரம் வந்தது.

பழைய ஊர்வலப் பாதையில் எங்கோ பள்ளம் தோண்டிவிட்டார்கள் என்று பாதையைச் சந்தை வழியாக மாற்றினார்கள். பீரங்கி வண்டி நீளமானது. அதை இழுக்கும் லாரி அதைவிட நீளம். சந்தை முனையில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாக ஆடியது. கீரைக்காரியின் தார்ப்பாய்க் கம்பு ஒன்று முறிந்தது. துறையின் இயக்குநர் வண்டியிலிருந்து இறங்கி இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"அதிபர் இந்த இடத்துல கம்பீரமாத் திரும்பணும்பா. இப்படிக் குலுங்கிக்கிட்டே போகக் கூடாது. இந்த முனையில இருக்கிற கடை எல்லாத்தையும் எடுத்துருங்க. அடுத்த ஒத்திகை முடிஞ்சதும் இடிச்சிரலாம்."

பெட்டிக்குள் கண் திறந்தது.

"சார், அது என் கடை சார்."

இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "பேசக் கூடாதும்மா. நீங்க காலமாயிட்டீங்க."

"காலமானா கடை வேணாமா சார்? எம் மக படிக்கிறா."

"கண்ண மூடுங்கம்மா. பத்திரிகைக்காரங்க இருக்காங்க."

அவள் கண்ணை மூடினாள். ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவள் துறை அலுவலகத்துக்குப் போனாள். இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். கெட்டவர் இல்லை அவர்; அந்தக் கட்டடத்தில் ரொம்ப நாள் இருந்துவிட்டார், அவ்வளவுதான்.

"ஊர்வலப் பாதைய மாத்தற அதிகாரம் எனக்கு இல்லம்மா. மந்திரிங்களுக்கும் இல்ல. அதிபர் ஒருத்தருக்குத்தான் உண்டு."

"அப்ப அவங்ககிட்ட கேளுங்க சார்."

"கேட்டா ஒத்திகை நடக்குறது அவங்களுக்குத் தெரிஞ்சிரும். தெரியக் கூடாதுன்னு சட்டம்."

"அப்ப நானே போய்க் கேக்குறேன்."

இயக்குநர் பதறிப்போனார். "நீங்க போகவே கூடாது. இருக்கிறவங்களும் மறைஞ்சவங்களும் நேருக்கு நேர் சந்திச்சா மரபு என்ன ஆகிறது? அது உங்க நியமன உத்தரவுலயே இருக்கு."

"வேலைய விட்டுர்றேன் சார்."

"தாராளமா. ஆனா மறைஞ்சவங்க ராஜினாமா பண்ணறதுக்கு விதிமுறை இல்ல. அதுக்கு ஒரு குழு போடணும்."

வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டுப் புருஷன் பெருமூச்சு விட்டார். "உசுரோட இருக்கிறவ பேச்சையே ஆபீசுல கேக்க மாட்டான். நீ பொணமா வேற போயிருக்க."

"சிரிக்காதீங்க. முனைக்கடை போச்சுன்னா நம்மள உள்ள மீன் சந்தைக்குப் பின்னாடி தள்ளிருவாங்க. அங்க வந்து யாரு கத்தரிக்கா வாங்குவா?"

அவர் சிரிக்கவில்லை. பஞ்சர் ஒட்டும் பசையை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

சந்தையில் கீரைக்காரி அவளோடு பேச்சையே குறைத்துவிட்டாள். பேசினாலும் குத்தல்தான். "நீ சொகுசா சாவறதுக்கு எங்க பொழப்பு போகுதுக்கா. கொஞ்சம் நெளிஞ்சு படுத்தா அந்த வண்டி திரும்பாதா?"

அடுத்த ஒத்திகை நாள் வந்தது. முனையில் இடிக்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஏற்கெனவே சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்குள் காய்க்காரியின் கடை முழுசாக இருந்தது.

அன்றைக்கு அதிபருக்குப் பல்வலி. பல் டாக்டரிடம் போகலாமென்று ஒரே ஒரு காரில் கிளம்பினார். பெரிய சாலையில் கார் நின்றுவிட்டது. முன்னால் எல்லா வண்டிகளும் நின்றிருந்தன. போக்குவரத்துக் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"திருப்புங்க, திருப்புங்க. அதிபர் ஊர்வலம் போகுது. அதிபருக்கு முன்னாடி எந்த வண்டியும் போகக் கூடாது."

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "தம்பி, நான்தான் அதிபர்."

காவலர் குனிந்து பார்த்தார். கன்னம் வீங்கிய ஓர் அம்மா. "அதிபர் பெட்டிக்குள்ள இருக்காங்கம்மா. நானே பூ போட்டுட்டு வந்தேன். பல்வலியோட பொய் வேற சொல்லாதீங்க."

குழாயடியம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரிசை நின்றுவிட்டால் பின்னாலிருந்து கத்துகிறவர் இல்லை அவர். யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வரிசையின் தலைமாட்டுக்கு நடந்தே போய்ப் பார்ப்பார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தார். சந்தை முனையில் பீரங்கி வண்டி வழக்கம்போல மாட்டிக்கொண்டு நின்றது. தூரத்தில் அவர் வருவதை முதலில் பார்த்தவர் இயக்குநர்.

இயக்குநரின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் அனுபவஸ்தர். கீரைக்காரியின் கூடையைப் பிடுங்கி, வண்டியின் முன்னாலிருந்த அதிபரின் படத்தின் மேல் கீரைக் கட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டார். அமைச்சர்கள் கறுப்பு உடையில், வாயில் பாதி வார்த்தையோடு நின்றார்கள்.

"என்ன இது?" என்றார் அதிபர்.

"சவ ஊர்வலம் மேடம்."

"யாரு செத்தது?"

இயக்குநர் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். சுற்றிலும் காய்கறி. "ஒரு... காய்கறிக்காரம்மா, மேடம்."

"காய்கறிக்காரிக்குப் பீரங்கி வண்டியா?"

"ரொம்ப நாணயமானவங்க மேடம். எடையில ஏமாத்தினதே இல்ல."

அதிபர் அமைச்சர்களைப் பார்த்தார். "நீங்க எல்லாரும் எதுக்கு வந்தீங்க?"

மூத்த அமைச்சர் தொண்டையைச் செருமினார். "வேண்டியவங்க மேடம். குடும்ப நண்பர் மாதிரி."

"நல்லது. நாலு வார்த்தை பேசுங்க, கேக்கலாம். நான் பாட்டுக்கு நடுவுல வந்து கெடுத்துட்டேன் பாருங்க."

மூத்த அமைச்சர் கையிலிருந்த உரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. "அவர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இலை உதிர்ந்த மரத்தடியில் வளர்ந்தார். அவரை நான்தான் கண்டுபிடித்தேன், இந்த... தக்காளிக் கூடைக்குப் பின்னால். அவரை இழந்து இன்று இந்தச் சந்தை தவிக்கிறது. இந்தக் கடைக்கு உடனடித் தேவை ஒரு தகப்பன்." தன் உடல்நிலையைப் பற்றிய வரி வந்ததும் நிறுத்திவிட்டார். அதிபர், "சொல்லுங்க, உங்க உடம்பு எப்படி இருக்கு?" என்று அன்பாக விசாரித்தார். "ஏதோ இருக்கு மேடம்" என்று அவர் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நிதி அமைச்சர் வேர்த்துப்போய் வந்தார். "அம்மையார் என்னை முழுமையாக நம்பினார். கல்லாவில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை."

"அவங்க கல்லா உங்ககிட்ட ஏன் இருந்துச்சு?" என்று கேட்டார் அதிபர்.

நிதி அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார். அழத் தொடங்கினார். அன்றுவரை நடந்த ஒத்திகைகளிலேயே நிஜமான அழுகை அது ஒன்றுதான்.

பெட்டிக்குள் காய்க்காரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இது முடிந்தால் கடை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டையும் அடக்கியதில் வயிறு குலுங்கியது. மேலே போட்டிருந்த மாலை படகு மாதிரி ஆடியது.

அதிபர் ஒரு பூவை எடுத்துக்கொண்டு பெட்டியருகே போனார். தெருக்குழாயில் மயங்கி விழுகிற மாதிரி நடித்து முன்னால் போகப் பார்த்த பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர் அவர். பூவை வைக்கிறவர்போல நன்றாகக் குனிந்தார்.

"அக்கா, மூச்சு விடுறது தெரியுது. மெதுவா விடுங்க."

காய்க்காரி உதட்டை அசைக்காமல் சொன்னாள். "மன்னிச்சிருங்கம்மா."

"எனக்கு வச்ச சாவுதானே இது? என் படத்துக்கு மேல கீரையத் தொங்கவிட்டிருக்காங்க. கண் ரெண்டும் தெரியுது."

"ஆமாம்மா. மாசாமாசம் நடக்குது."

"எப்படிப் பேசுறாங்க?"

"ரொம்ப நல்லாப் பேசுறாங்கம்மா. கேக்கக் கேக்க, நீங்க சீக்கிரம் போயிட்டா நல்லா இருக்குமேன்னு எனக்கே தோணும்."

அதிபரின் தோள் ஒருமுறை குலுங்கியது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அம்மா கலங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க. சீக்கிரம். பல்லு வலிக்குது."

"இந்த முனை வேணும்மா. எங்கம்மா உக்காந்த இடம். உங்க வண்டி திரும்பறதுக்காக இன்னைக்கே இடிக்கப் போறாங்க."

அதிபர் நிமிர்ந்தார். கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"இவ்வளவு பெரியவங்க வந்து அழுற அளவுக்கு வாழ்ந்த ஒரு காய்கறிக்காரியப் பத்தி எனக்கு இத்தன நாள் தெரியாமப் போச்சு. வெக்கமா இருக்கு. இந்த முனை இனிமே அவங்க நினைவிடம். இங்க ஒரு கல்லக்கூட, ஒரு கம்பக்கூட யாரும் நகர்த்தக் கூடாது. வருஷா வருஷம் நான் வந்து மாலை வைப்பேன். நீங்களும் வருவீங்க. பாக்கிச் சடங்க வீட்டுக்காரங்க பாத்துக்கட்டும். நீங்க எல்லாரும் ஆபீசுக்குப் போங்க."

போகும்போது சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துக்கொண்டே போனார்.

கீரைக்காரி அன்றைக்கே சமாதானமாகிவிட்டாள். "நீ செத்ததும் நல்லதாப் போச்சுக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் உத்தரவு என்று ஒன்று போனால் அது அலுவலகம் வழியாகத்தானே திரும்பி வரும்? இறுதி மரியாதைத் துறை முழு மூச்சில் வேலை பார்த்தது. மறுவாரம் காய்க்காரி கூடையோடு வந்தபோது முனையைச் சுற்றிக் கம்பி வேலி இருந்தது. நடுவில் அவளுடைய சாக்கு விரிக்கும் இடத்தில் வழுவழுவென்று ஒரு மேடை. பக்கத்தில் காவலாளி, கழுத்தில் விசில்.

"இங்க யாவாரம் பண்ணக் கூடாதும்மா."

"இது என் இடங்க."

"இது ஒரு காய்கறிக்காரம்மா நினைவிடம். மரியாதை வேணாமா? அவங்க செத்த இடத்துல வந்து காய் விக்கிறேங்கறீங்க."

"அந்தக் காய்கறிக்காரியே நான்தாங்க."

காவலாளி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நேத்தும் ஒரு அம்மா வந்து இதையேதான் சொன்னாங்க." சொன்னவள் கீரைக்காரி, முயற்சி செய்து பார்த்திருக்கிறாள்.

காய்க்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலிக்கு வெளியே உட்கார்ந்தாள். செத்தும் இடம் கிடைக்கவில்லை என்றால் ஒரு மனுஷி வேறு என்னதான் செய்வாள்? இப்போது உள்ளே மீன் சந்தைக்குப் பின்னால்கூட அவளுக்கு இடமில்லை. அரசாங்கத்தின் கணக்கில் ஆளே இல்லை.

வேலியில் ஒரு பலகை தொங்கியது. பக்கத்தில் வந்து நின்ற கீரைக்காரி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'வியாபாரம் செய்யக் கூடாது. அஞ்சலி செலுத்தலாம்.'

"ஏங்க, அஞ்சலின்னா பூதான் வைக்கணுமா?" என்று காவலாளியைக் கேட்டாள்.

காவலாளி யோசித்தார். "அப்படி ஒண்ணும் போடல."

"செத்தது காய்கறிக்காரி. காய்தானே வைக்கணும்? அதுதானே அவங்களுக்கு மரியாதை?"

காவலாளிக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. காய்க்காரி எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, கண்ணில் நீரோடு உள்ளே போய் மேடையில் கத்தரிக்காயை அஞ்சலியாக வைத்தாள். பக்கத்தில் தக்காளி, அதற்குப் பக்கத்தில் வெண்டைக்காய், எல்லாம் வழக்கமான வரிசையில். வந்த ஜனங்களும் கண்ணியமானவர்கள். அஞ்சலியிலிருந்து நினைவாகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, காணிக்கையாகக் கொஞ்சம் வைத்துவிட்டுப் போனார்கள். அரசாங்க நினைவிடம் என்பதால் அங்கே வந்து மாமூல் கேட்க எந்தக் காவலருக்கும் துணிவில்லை. தாண்டும்போது சல்யூட் வேறு அடித்தார்கள். மேடை உயரமாக இருந்ததால் முதுகுவலியும் குறைந்தது. ஒரு மாதத்தில் வீட்டுப் பெண்கள் பை நீட்டிச் சாதாரணமாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: "அரைக் கிலோ அஞ்சலி குடும்மா. முத்தலாப் போடாத."

ஓராண்டு ஆனதும் அதிபர் சொன்னபடி வந்தார். பின்னால் மொத்த அமைச்சரவை. இயக்குநர் முன்னால் ஓடிவந்து காய்க்காரியின் காதில் கெஞ்சினார். "ஒரு வார்த்தை பேசிராதீங்கம்மா. நீங்க இன்னைக்கு மறைஞ்சவங்களோட தூரத்துச் சொந்தம்." அவள் தலையாட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதிபர் மாலையை வைத்தார். கண்ணை மூடி மௌனமாக நின்றார். கண்ணைத் திறந்தபோது நேர் எதிரே வெண்டைக்காய்க் குவியல். அன்று காலையில் வந்த பிஞ்சு. அவருடைய கை தானாகப் போய் ஒன்றை எடுத்து முனையை ஒடித்தது. டக்கென்று ஒடிந்தது. அவருக்குத் திருப்தி. இன்னொன்றையும் ஒடித்தார்.

அதிபர் நினைவிடத்தில் எதைச் செய்கிறாரோ அதை வரிசைப்படி மற்றவர்களும் செய்ய வேண்டும் என்பது மரபு. மூத்த அமைச்சர் முன்னால் வந்து, தலையைக் குனிந்து, ஒரு வெண்டைக்காயை ஒடித்தார். அவருக்கு அடுத்தவர் ஒடித்தார். மூன்று படைத் தளபதிகளும் சல்யூட் அடித்துவிட்டு ஒடித்தார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் இதென்ன உருக்கமான சடங்கு என்று வியந்து, ஆளுக்கு இரண்டு ஒடித்தார்கள். வாத்தியம் சோகமாக வாசித்துக்கொண்டிருந்தது. நினைவிடம் முழுக்க டக், டக்கென்ற சத்தம்.

காய்க்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். முனை போன வெண்டைக்காய் சாயங்காலத்துக்குள் வாடிவிடும், எவரும் தொடமாட்டார்கள். ஒரு கிலோ போயிற்று. பல்லைக் கடித்தாள். இரண்டு கிலோ போயிற்று. தூரத்துச் சொந்தம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கடைசியாக நிதி அமைச்சர் வந்து, குவியலைக் கிளறி அடியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து ஒடித்து, திரும்பக் குவியலிலேயே போட்டார்.

"ஒடிச்சவங்க எடுத்துக்கிட்டுப் போகணும்" என்றாள் காய்க்காரி.

வாத்தியம் நின்றது. இயக்குநர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அதிபரைப் பார்த்தார்கள். அவர் தாம் ஒடித்த இரண்டையும் நிதானமாக எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, காணிக்கையை மேடையில் வைத்தார்.

"அவங்க சொல்றது நியாயம்தானே" என்றார்.

மரபு மரபுதான். மூத்த அமைச்சர் எடுத்தார், வைத்தார். தளபதிகள் எடுத்தார்கள், வைத்தார்கள். தூதர்கள் இன்னும் உருகிப்போய் அதிகமாகவே வைத்தார்கள். நிதி அமைச்சர் மட்டும் வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டைப்பையைத் தடவியபடி மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார்.

"கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கம்மா. அஞ்சலிக்கு இவ்வளவு விலையா?"

காய்க்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செத்தவகிட்டப் பேரம் பேசாதீங்க சார்."